கேட்டால் பேசு

செத்துப்போன கம்பெனிக்கு உயிர் வந்துவிட்டதாம். போன மாதம் செவிலிமேடு பஸ் நிறுத்தத்தை ஒட்டி டாக்சி போட்டிருக்கிறவர்கள் என்னைக் கூப்பிட்டு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். வழவழவென்று ஒரு கார், மூக்கு நுனியில் வெள்ளிக் கொக்கு.

"பெரியவரே, நீங்க ஓட்டினேன்னு சொல்வீங்களே, ஹேவர்ஸ்டன், அதானே இது? மறுபடியும் வருதாம். ட்ரைவரே வேணாமாம். நாம பேசினா வண்டியே பதில் சொல்லுமாம்பா!"

"சந்தோசம்பா. அதுக்கு டீ வாங்கிக் குடுக்கற செலவும் மிச்சம்" என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு, தங்கள் டாக்சி சங்கத்து ஆண்டு மலருக்கு நான் அந்த வண்டியைப் பற்றி எழுதித் தந்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். கொக்கு அதே கொக்குதான். ஆனால் எவனோ பணக்காரன் பெயரை மட்டும் விலைக்கு வாங்கி வேறொரு வண்டிக்கு ஒட்டியிருக்கிறான். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அது யாருக்கும் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு ஓட்டுவதுதான் வித்தை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். பெரிய பெயர், போங்கள்!

அந்தக் கம்பெனியின் சரித்திரத்தை எனக்குச் சொன்னவர் தேவசகாயம் மேஸ்திரி. மெட்ராஸில் அந்த வண்டிக்கு ஏஜெண்டாக இருந்தவர்களின் ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். இங்கிலாந்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தார்களாம். ஒரு சீமாட்டி வந்து, 'நான் உள்ளே பேசுவதெல்லாம் வண்டிக்காரன் காதில் விழுகிறது, ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிடுகிறான்' என்று அழாத குறையாகச் சொன்னாளாம். அண்ணன்காரன் வண்டிக்காரனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியைப் போட்டு அடைத்துக் கொடுத்தான். கம்பெனிக்குப் பிள்ளையார் சுழி அதுதான். பிறகு குதிரை போய் இஞ்சின் வந்தது. கண்ணாடி மட்டும் போகவில்லை. மற்றக் கம்பெனிக்காரர்கள் வேகத்தைச் சொல்லி விற்றபோது இவர்கள் அமைதியைச் சொல்லி விற்றார்கள். நம் ராஜாக்களும் ஜமீன்தார்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

கண்ணாடி போட்டாயிற்று. ட்ரைவரிடம் 'இடது பக்கம் திரும்பு' என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள். பின்சீட்டில் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வாய், முன்சீட்டில் ட்ரைவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு வாய். இந்தப் பக்கம் முணுமுணுத்தால்கூட அந்தப் பக்கம் துல்லியமாக விழும். யாருடைய காதில் விழக்கூடாது என்று கண்ணாடி போட்டார்களோ, அவன் காதுக்கே ஒரு குழாயையும் கொண்டுவந்து விட்டார்கள். இதை மேஸ்திரியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனி விஷயத்தில் அவர் சிரிக்கவே மாட்டார்.

என் முதலாளிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு ஜவுளிக் கடை. தறிகாரர்கள் வீட்டில் பிறந்து, ஏராளமான தறிகளுக்கு முதலாளி ஆனவர். அறுபதுகளில், ஜமீன் போய் நொடித்துப்போன ஒருவரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். லாரியில் கிளீனராக இருந்து லைசென்ஸ் எடுத்திருந்த என்னை ட்ரைவராக வைத்துக்கொண்டார். நான் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் குத்தகைக்குப் பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளை. பெயர் கன்னியப்பன். ஏஜெண்டு கம்பெனிக்காரர்கள், 'எங்களிடம் பழகாத ட்ரைவர் ஓட்டினால் வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று சொல்லிவிட்டதால் முதலாளி என்னை மெட்ராஸுக்கு அனுப்பினார்.

அங்கே கற்றுக்கொண்டதில் பாதி வண்டியைப் பற்றி, பாதி என்னைப் பற்றி. நின்றதும் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடது கையால் கதவைத் திறந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முகத்தைப் பார்க்கக்கூடாது. தலைக்கு மேலே உள்ள கண்ணாடி ரோட்டைப் பார்க்கத்தான், சீட்டைப் பார்க்க இல்லை. பிரேக் போட்டது பின்னால் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. மேஸ்திரி பின்சீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்துகொண்டு என்னை மவுண்ட் ரோடு முழுக்க ஓட்டச் சொல்வார். தண்ணீர் சிந்தினால் திட்ட மாட்டார். மீதித் தண்ணீரை நிதானமாகக் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து உட்காருவார். அதற்குத் திட்டே தேவலை.

கடைசியாகச் சொன்ன சட்டம்தான் முக்கியம். "கேட்டா பேசு. கேக்காட்டி பேசாத." அவ்வளவுதான். பின்னால் இருப்பவர்கள் ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்கக்கூடாது. வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வண்டியைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தபோது மேஸ்திரியும் கூட வந்தார். முதலாளியையும் அவர் மனைவியையும் பின்சீட்டில் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். குழாயை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்து, "அம்மா, இதுல பேசினீங்கன்னா ட்ரைவருக்குக் கேக்கும். கேட்டா பேசுவான்" என்றார். நான் கதவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். சொன்னது என் காதிலும் விழுந்தது, அம்மாவின் காதிலும் விழுந்தது. ஒரே வார்த்தைதான். அது இரண்டு காதில் இரண்டு விதமாக விழுந்துவிட்டது என்று அன்றைக்கு யார் கண்டது?

ஊரில் அந்த வண்டிக்கு ஹேவர்ஸ்டன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'ஆவாரங்காரு' ஆகிவிட்டது. மூக்கிலிருந்த கொக்கை எல்லோரும் அன்னம் என்றார்கள். வெள்ளிக்கிழமை அதற்குப் பொட்டு வேறு.

சீட்டு கதையைச் சொல்லாமல் விட முடியாது. வண்டியில் ட்ரைவர் சீட்டு தோல், பின்சீட்டு கம்பளி. இங்கிலாந்துக் குளிருக்குப் பின்சீட்டில் கம்பளி சரி. நம் ஊர் சித்திரை வெயிலில் கம்பளியில் உட்கார்ந்து பாருங்கள்! முதலாளி தன் தறியிலேயே பட்டு உறை நெய்யச் சொன்னார். நெய்தவர் கைப்பழக்கத்தில், புடவைக்குப் போடுகிற மாதிரி, நல்ல ஜரிகையில் கோபுர பார்டர் போட்டுவிட்டார். உறையை மாட்டிப் பார்த்தால், உட்காரும் இடத்தில் வரிசையாகக் கோபுரம். கோயில் ஊரில் கோபுரத்தின் மேல் எவன் உட்காருவான்? முதலாளி ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்தார், ஓரத்தில் தொற்றிக்கொண்டு பார்த்தார். கடைசியில் உறையைத் திருப்பிப் போட்டு, கோபுரத்தை முதுகுப் பக்கம் தலைக்கு மேலே கொண்டுபோனோம். அப்புறமும் பட்டு வழுக்கியது. லேசாகப் பிரேக் போட்டாலும் அம்மா சர்ரென்று முன்னால் வந்துவிடுவார்கள். மேஸ்திரியின் டம்ளர் தண்ணீர்ப் பயிற்சி அதற்குத்தான் உதவியது.

எனக்கு இடம் கொடுத்தது வண்டி நிறுத்தும் கொட்டகையிலேயே. சாப்பாடு கடைத்தெரு மெஸ்ஸில். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. பட்டறையில் தறிகாரர்கள் என்னைப் பார்த்தால், "இன்னாபா மவுனசாமி, இன்னிக்காவது வாயத் தொறப்பியா?" என்று கேலி செய்வார்கள். திறந்து என்ன பேசுவது? பாவு நூல், ஊடை நூல் என்று அவர்கள் பேச்சு ஒரு உலகம். நான் வெளியூர்க்காரன், வேறு ஜாதி, வேறு தொழில். முதலாளி வீட்டு விஷயம் ஒன்றும் என் வாயிலிருந்து வராது என்று தெரிந்ததும் அவர்களும் விட்டுவிட்டார்கள். பேசாமல் இருப்பது சட்டை மாதிரி, போட்டுக்கொண்டே இருந்தால் தோலோடு ஒட்டிவிடுகிறது. எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, 'மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா' என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் நடக்கவே இல்லை.

முதலாளி வண்டியில் போவது குறைவு. கச்சாப் பட்டு வாங்க அடிக்கடி பெங்களூருக்கு ரயிலில் போய்விடுவார். அவரும் பேசாதவர்தான், ஆனால் வேறு வகை. பட்டை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நெய்தவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கோபமா, வருத்தமா, எதுவானாலும் எழுந்து போவதுதான் அவர் பதில்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா காமாட்சியம்மன் கோயிலுக்கு வருவார்கள். திரும்பும்போது கதவருகே நின்று, "சுத்திக்கினு போப்பா" என்பார்கள். நான் செவிலிமேடு வரை போய், ஆற்றோரமாகத் திரும்பி, திருப்பருத்திக்குன்றம் வழியாகக் கொண்டுவந்து விடுவேன். முதல் வெள்ளிக்கிழமையே குழாயில் குரல் வந்தது.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி."

கேள்வி இல்லை. நான் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "கோயில்ல கும்பலே இல்ல" என்றார்கள். அதுவும் கேள்வி இல்லை. அடுத்த வாரமும் இப்படி இரண்டு மூன்று முறை. பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் குழாயை அதன் கொக்கியில் தோளுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தார்கள். சில வாரம் கழித்து வேறு ஒரு பேச்சு தொடங்கியது.

"சாப்ட்டியாடி கண்ணு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்சீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

அவர்களுக்கு வசந்தா என்று ஒரே பெண் இருந்திருக்கிறாள். நான் வேலைக்கு வருவதற்கு முன்பே, சின்ன வயதிலேயே, காய்ச்சலில் போய்விட்டாள். முதலாளி அப்போது பெங்களூரில். திரும்பி வந்தவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரிலிருந்த படத்தைக் கழற்றிவிட்டார். சாப்பிடும்போது யாராவது அந்தப் பெயரை எடுத்தால் இலையை விட்டு எழுந்துவிடுவார். பட்டினியாகப் போகிறாரே என்று வீட்டுப் பெண்கள் பயந்து, பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். அத்தனை பேர் புழங்குகிற வீட்டில் அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை என்பது மாதிரி ஆகிவிட்டது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் மகளிடம் பேசப் பேச, குழாய் வழியாக வந்து சேர்ந்தது.

நான் ஏன் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சிலர் கேட்கலாம். காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது கம்பெனி. அதை மூடினால் உத்தரவு காதில் விழாது. என் மேல் தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று உண்மை. வாரம் முழுக்க என் காதில் விழுந்த ஒரே மனிதக் குரல் அதுதான் என்று ஆகிவிட்டது. வசந்தாவின் பாவாடை நிறம், அவள் பயப்படுகிற பல்லி, அவள் வெல்லம் திருடித் தின்றது எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் எனக்கும் யாரோ ஆகிவிட்டாள். நான் யாரோடு போய் அவளைப் பற்றிப் பேசுவேன்? கொட்டகையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. அதற்குள் அந்தக் கம்பெனிக்குக் கெட்ட காலம் வந்துவிட்டிருந்தது. உலகச் சண்டைக்குப் பிறகு வெள்ளைக்காரச் சீமான்களே தாங்களாக ஓட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ட்ரைவரே இல்லாதபோது நடுவில் கண்ணாடி எதற்கு? வேறொரு பெரிய கம்பெனி இதை வாங்கி, சாதாரண வண்டிக்கெல்லாம் கொக்கை ஒட்டி விற்றுப் பார்த்தது. எவனும் வாங்கவில்லை. ஒரு தடவை வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, மேஸ்திரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றியிருந்தார்கள்.

"கம்பெனிய மூடிட்டாங்கடா கன்னியப்பா. இனிமே ஒண்ணு ஒடஞ்சா ஒடஞ்சதுதான். பாத்து ஓட்டு" என்றார். அந்த மனிதரின் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டி பிறகு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு அப்புறமும் சில ஆண்டுகள் ஓடியது. ஒரு பல்சக்கரம் உடைந்தது, மாற்ற வழியில்லை, எடைக்குப் போயிற்று. நான் வேறு வண்டிகளுக்குப் போனேன். அவ்வளவுதான் அதன் கதை. எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

கம்பெனியை மூடிய அந்த ஆண்டு ஐப்பசியில் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே கிளம்பிப் போயிற்று. எங்கள் ஆற்றில் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. மணலாகவே பார்த்துப் பழகியவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். முதலாளி பெங்களூரில் இருந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. மத்தியானம் அம்மா தனியாகக் கொட்டகைக்கே வந்தார்கள்.

"ஆத்தங்கரைக்குப் போப்பா."

கதவைத் திறந்து தரையைப் பார்த்தபடி நின்றபோது, கதவைப் பிடித்து ஏறிய கை மட்டும் கண்ணில் பட்டது. கையில் வளையல் இல்லை. எப்போதும் போடுகிற தங்க வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மனசுக்கு என்னவோ போல் இருந்தது. கேட்க முடியுமா? கதவைச் சாத்தினேன்.

செவிலிமேடு தாண்டும்போது குழாயில் குரல் வந்தது. அழுகை இல்லை, பதற்றம் இல்லை. கல்யாணத்துக்குப் புறப்படுகிறவள் மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது.

"தண்ணி வந்திருக்குதாம்டி கண்ணு. நானும் வந்துடறேன். இனிமே நீ ஒண்டியா இருக்க வேணாம்."

கரையில் ஒரு பக்கம் கூட்டம். அந்தக் கூட்டத்தைத் தாண்டி, ஆளில்லாத இடம் வந்ததும் நடுக்கண்ணாடியில் விரலால் தட்டினார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. மறுபடி தட்டினார்கள். வண்டியைக் கரையிலிருந்து திருப்பினேன். தட்டல் படபடவென்று விழுந்தது. மேஸ்திரியாவது, சட்டமாவது! குழாயைப் பிடித்து வாயருகே இழுத்தேன்.

"நிறுத்த மாட்டேம்மா."

தட்டல் நின்றது. பிறகு மெதுவாக, பயந்த குரலில் வந்தது.

"யாரு?"

"நாந்தாம்மா. கன்னியப்பன்."

"ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குதும்மா."

"இப்பதான் கேக்குதா?"

"இல்லம்மா. மொத நாள்லேருந்தே கேக்குது."

நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். எந்த ரோடு என்று யோசிக்கவில்லை, ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். அம்மாவின் மூச்சுச் சத்தம் குழாயில் கேட்டது.

"அப்ப ஏன்டா பேசல?" என்றார்கள். என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க கேக்கலியேம்மா."

"கேக்கலியா? மொத வாரத்துலேருந்து ஒங்கிட்ட பேசிப் பேசிப் பாத்தனே!"

"பேசினீங்கம்மா. கேள்வி கேக்கல. கேட்டா பேசுன்னுதானே மேஸ்திரி சொன்னாரு."

"அந்தாளு எங்கிட்டயும் அதான் சொன்னாரு. கேட்டா பேசுவான்னு. காதுல கேட்டா பேசுவான்னு நெனச்சேன். நீ பேசல. சரி, கொழா கெட்டுப்போயிருக்குது, இவனுக்குக் கேக்கலன்னு வுட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அய்யோ கடவுளே" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அழுகை ஆகிவிட்டது. "பதிலா கேட்டேன் ஒங்கிட்ட? கத சொல்றவளுக்கு 'உம்' கொட்ட ஒரு ஆளு வேணாமா? ஒரு 'உம்' சொல்லியிருந்தீன்னா நான் இன்னிக்கு இந்தத் தண்ணியப் பாக்க வந்திருக்க மாட்டேனேப்பா."

அந்த மேஸ்திரி மேல், கம்பெனி மேல், கண்ணாடி கேட்ட அந்தச் சீமாட்டி மேல், எல்லார் மேலும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இரண்டு பேரும் பேச்சுக்கு ஏங்கி, ஒரே வண்டியில் ஒரு முழம் இடைவெளியில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறோம். சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"உம்" என்றேன்.

அப்புறம் நான் வண்டியை நிறுத்தவே இல்லை. திருப்பருத்திக்குன்றம் ரோட்டில் போவதும் வருவதுமாக ஓட்டினேன். அம்மா வசந்தா பிறந்த நாளிலிருந்து தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த கதைகள்தான், தெரியாத மாதிரி உம் கொட்டினேன். அவள் வெல்லம் திருடியதைச் சொன்னபோது, "அதுக்கு நீங்க அடிச்சீங்களேம்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது. "ஆமாம்பா, அடிச்சேன். ஒனக்கு ஞாபகம் இருக்குதா!" என்றார்கள். தன் பெண்ணை இன்னொருவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்று அவர்கள் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு எழுத்து போதாது.

பொழுது சாயும் நேரம் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கும் முன் சொன்னார்கள்: "அந்தக் கண்ணாடியக் கயட்டிடுப்பா. நீ அந்தப் பக்கம் இருக்கறது வேணாம்."

மறுநாள் காலையிலேயே கழற்றினேன். சட்டத்தைச் சுற்றி இருந்த மரப்பட்டையை உளியால் நெம்பாமல், திருகாணி திருகாணியாக எடுத்தேன். பித்தளைத் திருகாணிகள், தலையில் ஒரு கீறல் கிடையாது, அப்படி ஒரு வேலைப்பாடு. கண்ணாடியின் விளிம்பில் கம்பளிப் பட்டை ஒட்டியிருந்தது, அதிர்ந்து சத்தம் வரக்கூடாது என்று. அவ்வளவு கனமான கண்ணாடியை நான் தூக்கியதே இல்லை. கோணியில் சுற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்தேன். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பின்சீட்டுப் பட்டின் வாசனை முன்னால் வரை வந்தது.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள்தான் என் வேலைக்காலத்தில் நல்ல நாட்கள். அம்மா பேசுவார்கள், ஒரு வாக்கியம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவார்கள், நான் உம் என்பேன், மேலே போவார்கள். என் ஊரைப் பற்றியும் கேட்பார்கள். நான் பேசுகிற பேச்சு எனக்கே விசித்திரமாக இருக்கும்.

வாலாஜாபாத் பக்கம் முதலாளியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து வண்டியில் ஏறினார்கள். உட்கார்ந்ததுமே முதலாளி கவனித்துவிட்டார்.

"கண்ணாடி எங்க?"

கேள்விதான். நான் பேசலாம். வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்கள். "நாந்தான் கயட்டச் சொன்னேன்."

முதலாளி அவர்களைப் பார்க்காமல் என்னிடம், "திரும்பி வந்ததும் மாட்டிடு" என்றார்.

"மாட்டாதப்பா" என்றார்கள் அம்மா. புருஷன் எதிரில் அவர்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. நான் வண்டியை எடுத்தேன். ஊர் எல்லை தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்ததும் அம்மா ஆரம்பித்தார்கள்.

"வசந்தாவுக்கு வெள்ளப் பட்டுன்னா உயிரு. பாவு போடற எடத்துல போயி குந்திக்கும். நூலத் தொடாதடின்னா கேக்காது."

"நிறுத்துடா வண்டிய" என்றார் முதலாளி. கதவுப் பிடியில் அவர் கை போகும் சத்தம் கேட்டது. வீட்டில் இலையை விட்டு எழுந்து போகிற மாதிரி இங்கேயும் எழுந்து போகப் பார்க்கிறார். ஓடுகிற வண்டியிலிருந்து எப்படி எழுந்து போவார்?

"நிறுத்தாத கன்னியப்பா!"

எனக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. வேலை போனால் திரும்பிப் போக ஊரில் எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது, காத்திருக்க ஒரு ஆள் கிடையாது. அது தெரிந்தும் கால் பிரேக் பக்கம் போகவில்லை.

"நிறுத்துன்னு சொல்றேன்!"

நான் பேசவில்லை. ஓட்டினேன். அம்மாவின் பேச்சும் நிற்கவில்லை.

"ஜொரத்துல கெடக்கறப்பகூட, 'அப்பா எப்ப வரும், அப்பா எப்ப வரும்'னுதாங்க கேட்டுக்கினு இருந்தா. 'வந்துக்கினே இருக்குதுடி, ரயிலு ஏறிடுச்சி'ன்னு சொன்னேன். சிரிச்சா. சிரிச்சிக்கினேதான் கண்ண மூடினா. அழுவலங்க. ஒங்க கொழந்த அழுதுக்கினு போவல. இத்த ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் இத்தினி வருசமா பாக்கறேன். நீங்க எழுந்து எழுந்து பூட்டீங்க."

கதவுப் பிடியிலிருந்து கை எடுபட்டது. நான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தேன்.

"நீங்க வாங்கியாந்த அந்த ரப்பர் பொம்மைய கையிலயே வெச்சிக்கினு இருந்தா" என்றார்கள் அம்மா. சொல்லிவிட்டு, வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார்கள்.

அந்த இடைவெளி எனக்குப் பழக்கமானது. என் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் பின்சீட்டிலிருந்து, ஆண் குரல் ஒன்று வந்தது.

"உம்."

நான் என்னுடையதை விழுங்கிக்கொண்டேன். அம்மா மேலே சொல்லத் தொடங்கினார்கள். முதலாளி இன்னொரு முறை உம் என்றார். சிறிது தூரம் போனதும் இருவரும் அழுதார்கள், நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவரும் கூட வரத் தொடங்கினார். அந்த வண்டியில் எனக்கு ஓட்டுகிற வேலை மட்டும்தான் இருந்தது.